பதினோராம் எண் கூண்டு



பாம்பன் துறைமுக அலுவலகத்தில் புயல் கூண்டு ஏற்றப்பட்டதென்று செய்தி வந்தவுடன், எங்கள் கடற்கரையில் முதலில் எழும் வினா, "எத்தனையாம் நம்பர்?" என்பதே. ஒன்று என்றால் தொலைவில் எங்கோ புயற்சின்னம் தோன்றியிருக்கிறது என்று பொருள். மூன்று என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும். ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். பகலில் கொடிமரத்தில் கூம்பும் உருளையுமான வடிவங்களாலும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளாலும் இவை காட்டப்படும். பத்துக்கு மேல் என்ன இருக்க முடியும் என்று நம்மிற் பலர் எண்ணக்கூடும். பதினொன்று என்று ஓர் எண் இருக்கிறது. வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பு முற்றிலும் அறுந்துபோயிற்று, ஆயினும் கொடிய காற்று வரக்கூடுமென்று துறைமுக அதிகாரி தாமாகவே கருதுகிறார் என்பது அதன் பொருள். பேரபாயத்திற்கும் மேலான படியில், செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக வைத்திருக்கிறார்கள். இந்த அட்டவணையை வகுத்தவர்கள் கடலை நன்கு அறிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்துநான்கு ஆண்டுகள் இம்மாவட்டத்துப் பள்ளிகளிற் பணிபுரிந்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். பௌதிகத்தில் அலைகள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் இந்தப் பதினோராம் எண்ணைச் சொல்லித்தான் தொடங்குவேன். ஒலி, ஒளி, கம்பித் தந்தி, வானொலி, ராடார் ஆகிய எல்லாமே செய்தி சுமக்கும் வாகனங்கள். அவற்றின் வரலாற்றை எங்கள் கடற்கரையின் வரலாற்றோடு சேர்த்தே சொல்லலாம். இன்று அதைத்தான் சொல்ல முயல்கிறேன்.

முதலில் அலைகளின் இயல்பைச் சிறிது பார்ப்போம். ஒலிக்கு ஊடகம் வேண்டும். காற்றில் அது வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர். இருப்புப்பாதையின் எஃகில் 5,000 மீட்டருக்கும் மேல். மண்டபத்துச் சிறுவர்கள் தண்டவாளத்தில் காதை வைத்து, கண்ணுக்குத் தெரியாத ரயிலின் வரவைச் சொல்லிவிடுவது இதனால்தான். (அவ்வாறு செய்தவர்களை நான் பிரம்பால் தண்டித்ததும் உண்டு; என் சிறுவயதில் நானே செய்ததும் உண்டு.) மின்காந்த அலைகளுக்கு ஊடகம் வேண்டியதில்லை. வெற்றிடத்தில் வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் அவை பாயும். கண்ணுக்குத் தெரியும் ஒளி, அடுப்பின் வெப்பம், வானொலி அலை, எக்ஸ் கதிர் ஆகிய யாவும் ஒரே குடும்பம். அலைநீளம் ஒன்றே வேறு. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, வினாடிகளை மூன்றால் வகுத்தால் இடி விழுந்த தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஒளி வந்த நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அது அத்துணை விரைவு.

நீருக்குள் நிலைமை தலைகீழாகும். வானத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் வானொலி அலை, உப்புநீரில் ஒரு முழ ஆழத்திற்குள்ளேயே பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. ஒலியோ அங்கே தங்குதடையின்றிச் செல்கிறது. கத்தாழை மீன் தன் காற்றுப்பையை அதிரச் செய்து எழுப்பும் உறுமல் அதன் கூட்டத்திற்குக் கேட்கிறது. ஆனால் கீழக்கரைப் பக்கத்தில் சங்கு குளிக்க இறங்குபவருக்கு இந்த வேகமே ஓர் ஆபத்து. நிலத்தில் ஓர் ஒலி இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வந்து சேரும் நுண்ணிய நேர வேறுபாட்டைக் கொண்டே நாம் அதன் திசையை அறிகிறோம். நீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் வருவதால் அந்த வேறுபாடு மிகச் சுருங்கிவிடுகிறது. விசைப்படகின் இரைச்சல் எல்லாப் பக்கங்களிலிருந்தும் வருவது போலத் தோன்றும். எந்தத் திசையில் விலகுவது என்று தெரியாமல் மேலே எழும்புவதுதான் குளிப்பவருக்கு அச்சந் தரும் கணம்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

1864ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. அடுத்த மாதமே மசூலிப்பட்டினம் மற்றொரு புயலுக்கு இரையாயிற்று. இவ்விரண்டின் விளைவாகவே 1865இல் கல்கத்தாத் துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தொடங்கியது. பத்தாண்டு கழித்து, 1875இல், இந்திய வானிலைத் துறை பிறந்தது. அக்காலத்தில் எச்சரிக்கையைச் சுமந்த வாகனம் தந்திக் கம்பி. ஓரிடத்தில் காற்றழுத்தம் வீழ்ந்தால் அச்செய்தி புயலைவிட விரைவாக வேறோரிடத்தை அடைய முடிந்தது அதுவே முதல் முறை. கம்பியின் முனையிலிருந்து படகோட்டியின் கண்வரை உள்ள இடைவெளியைக் கடக்கத்தான் கூண்டும் விளக்கும். கம்பியில் மின்சாரம், கொடிமரத்தில் ஒளி என்று சங்கிலி அமைந்தது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை, கல்கத்தாப் புயலுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, எங்கள் தனுஷ்கோடி கண்டது.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி இந்தியாவின் வாயில்களுள் ஒன்றாக விளங்கியது. சென்னையிலிருந்து போட் மெயில் வந்து நிற்கும்; பயணிகள் துறைமேடையில் கப்பலேறி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு மீண்டும் ரயிலேறுவர். ரயில் நிலையம், அஞ்சல் தந்தி அலுவலகம், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோவில் எல்லாம் கொண்ட ஊர். என் தாய்மாமன் அங்கே சரக்கு ஏற்றி இறக்கும் வேலையிலிருந்தார். நாங்கள் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் குடியிருந்தோம். மாமா வரும்போதெல்லாம் கொழும்பு சவர்க்காரத்தின் மணம் அவர் பையில் இருக்கும். அப்போது எனக்கு வயது ஆறு.

1964 டிசம்பர் 17ஆம் நாள் தென் அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றி, 19ஆம் நாள் கடும்புயலாக வலுப்பெற்றது. 21ஆம் நாளுக்குப்பின் ஏறத்தாழ நேர்க்கோட்டில், நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீட்டர் வரை மேற்கு நோக்கி நகர்ந்தது. 22ஆம் நாள் இலங்கையில் வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியின்மேல் பாய்ந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் என்றும், பொங்கிய கடலின் உயரம் 7 மீட்டர் என்றும் மதிப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வது வழக்கம். பெண்கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். 'கடல் இரைகிறது' என்று முதியவர்கள் சொன்னால் வள்ளத்தைக் கரையேற்றிவிடுவார்கள். இது மூடநம்பிக்கையன்று. புயலின் நடுவே எழும் நீண்ட அலைகள் புயலை முந்திக்கொண்டு ஓடி வந்து கரையில் உடைகின்றன. காற்று வருமுன் இரைச்சல் வந்துவிடுகிறது. ஆனால் இரைச்சல் எத்தனை நாழிகைக்கு முன்னே வரும் என்பது புயலின் வேகத்தைப் பொறுத்தது. விரைந்து வரும் புயல் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

அன்றிரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து 653ஆம் எண் பயணி ரயில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. பயணிகள் 110 பேரும் ரயில்வே ஊழியர் ஐவரும் அதில் இருந்ததாகக் கணக்கு. சீட்டு இல்லாமல் ஏறியவர்களும் இருந்தார்கள் என்று சொல்வோர் உண்டு. அவர்களை யார் கணக்கிட்டார்கள்? தனுஷ்கோடிக்குச் சிறிது தொலைவில் கைகாட்டி இயங்கவில்லை. இருளில், மழையில், ஓட்டுநர் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு நீண்ட ஊதல் ஒன்றை ஊதிவிட்டு ரயிலை முன்னே செலுத்தினார் என்று பதிவுகள் கூறுகின்றன. கடல் எழுந்து ஆறு பெட்டிகளையும் மூடிற்று. ஒருவரும் உயிர் தப்பவில்லை.

அந்த ஊதலைப் பற்றி நான் பல ஆண்டுகள் எண்ணியிருக்கிறேன். காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலிக்கு ஓர் இயல்பு உண்டு. தரையருகே காற்றின் வேகம் குறைவு. மேலே போகப்போக அதிகம். ஆதலால் எதிர்காற்றில் செல்லும் ஒலியலையின் மேற்பகுதி பின்தங்கி, அலை முழுவதும் வானை நோக்கி வளைந்துவிடுகிறது. சில நூறு மீட்டர்களுக்கு அப்பால் நிற்பவனின் தலைக்கு மேலாக ஒலி போய்விடும். அவன் செவியில் ஒன்றும் விழாது. கைகாட்டியின் விளக்குக்குச் சிவப்பைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. சிவப்பொளியின் அலைநீளம் மிகுதி. காற்றின் நுண்துகள்களால் அது நீலத்தைப்போல் சிதறடிக்கப்படுவதில்லை. நம் சர் சி. வி. இராமன் 1921இல் கப்பற்பயணத்தின்போது கடலின் நீலத்தைக் கண்டு ஆராயத் தொடங்கியது இந்த ஒளிச்சிதறலைத்தான். 1928 பிப்ரவரி 28இல் அறிவிக்கப்பட்ட இராமன் விளைவுக்கு அதுவே வித்து. ஆயினும் மழைத்துளி நுண்துகளன்று. கொட்டும் மழையில் சிவப்பும் மங்கும், நீலமும் மங்கும். ஆக அந்த இரவில் ஒளியும் பயன்படவில்லை, ஒலியும் பயன்படவில்லை. தந்திக் கம்பங்கள் மணலோடு போயின.

எங்கள் ஊரில் கூரைகள் பறந்தன. நாங்கள் ஒரு கல்வீட்டுத் திண்ணையறையில் இருபது பேராக ஒடுங்கியிருந்தோம். விடிந்தபின் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "தம்பியிடமிருந்து சேதி வந்ததா?" என்பது. சேதி எவ்வழியாக வரும்? பாலத்தின் 145 தூலங்களில் 126 கடலுக்குள் கிடந்தன. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. தலைநகரத்துச் செய்திகள் வந்தன, உலகச் செய்திகள் வந்தன. அருகிலேயே இருந்த தனுஷ்கோடியைப் பற்றி ஒன்றும் வரவில்லை. மண்டபத்திலிருந்த கடல்துறைக் கண்காணிப்பாளர் தந்த தகவலைக் கொண்டு ரயில்வே தலைமையகம் அறிக்கை வெளியிட்டபோது 48 மணி நேரம் கழிந்திருந்தது. அக்காலத்து வானொலியின் மீது இதிற் குற்றம் காண இயலாது. அனுப்பும் நிலையம் எவ்வளவு ஆற்றலுடையதாயினும், அதற்குச் செய்தியைக் கொண்டுவந்து கொடுக்கும் முதற்கண்ணி அறுந்துவிட்டால் அது பேசாத பெட்டிதான். அந்தப் புயலில் ஏறத்தாழ 1,800 பேர் மாண்டனர். மாமா திரும்பவில்லை.

பாலம் பழுது பார்க்கப்பட்ட கதை புகழ்பெற்றது. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளரின் பொறுப்பில், கடலில் வீழ்ந்த தூலங்களையே மீட்டெடுத்து, 46 நாட்களில் பாலம் மீண்டும் நிறுவப்பட்டது. தனுஷ்கோடிப் பாதை மட்டும் திரும்பப் போடப்படவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடமென்று அரசாங்கம் அவ்வூரை அறிவித்துவிட்டது. பின்னாளில் பாலத்தில் காற்றுவேகமானி பொருத்தி, மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு தானாகவே விழும்படி செய்தார்கள். நூற்றெட்டு ஆண்டுகள் உழைத்து 2022இல் அப்பாலம் ஓய்வு பெற்றது; 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது.

கப்பல் நின்றபின்னும் இலங்கையோடு எங்களுக்கிருந்த தொடர்பை வானலைகள் நிற்கவிடவில்லை. கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. அதன் தமிழ் ஒலிபரப்பும் மயில்வாகனம் அவர்களின் குரலும் எங்கள் வீடுகளுக்குச் சொந்தமாக இருந்தன. மத்திய அலை தரையைத் தழுவிச் செல்லும் இயல்புடையது. வறண்ட மணலும் பாறையும் அதை உறிஞ்சிவிடும். உப்புநீரோ மின்சாரத்தை நன்கு கடத்துவதால், அதன்மேல் அந்த அலை வெகுதூரம் வாடாமல் போகும். அதனால்தான் நிலவழியே அண்மையிலிருந்த நிலையத்தைவிடக் கடல்வழியே வந்த கொழும்பு எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபோது இன்னொரு வேடிக்கையைக் கண்டோம். ஏணி போன்ற ஆன்டெனாக்களை உயர்ந்த குழாய்களில் கட்டி, தென்கிழக்கே திருப்பிவைத்துப் படம் பார்த்தார்கள். 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதாலகால மலையுச்சியிலிருந்து தொடுவானம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர்தான். இராமேஸ்வரமோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் செல்லும் தொலைக்காட்சி அலை எப்படி வந்தது? கடலையொட்டி ஈரக்காற்றும் அதன்மேல் உலர்ந்த வெப்பக்காற்றும் படியும் நாட்களில், இரண்டுக்கும் இடையில் ஒரு கால்வாய் போல் அமைந்து, அலையைக் கீழ்நோக்கி வளைத்துக் கொண்டுவருகிறது. அதனால்தான் சில இரவுகளில் படம் கண்ணாடிபோல் தெரிந்தது. சில இரவுகளில் வெறும் புள்ளிமழை. ஆன்டெனாவைத் திருப்பத் திண்ணையிலிருந்து கூரைக்குக் கூச்சலிட்ட இளைஞர்களுக்கு இந்தப் பௌதிகம் தெரியாது. நான் சொல்லப் போனால் கேட்கவும் பொறுமை இல்லை.

பின்னர் 1995இல் இராமேஸ்வரத்திலேயே 323 மீட்டர் உயரத்தில் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. அத்தனை உயரம் ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை ஏறத்தாழ மூன்றரையால் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் வரும். 323 மீட்டருக்கு அது அறுபத்து நான்கு கிலோமீட்டர். நாலு மீட்டர் உயரத்தில் கம்பி நீட்டிய படகுக்கு ஏழு கிலோமீட்டர். இந்தச் சிறு கணக்கு எத்தனை உயிர்களைத் தீர்மானிக்கிறது என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் காட்டிற்று. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். கரையிலிருந்து எழுந்த எச்சரிக்கையைக் கைப்பேசியோ சிறிய வயர்லெஸ் கருவியோ பெற முடியாத தொலைவில் அவர்கள் இருந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காணாமலும் போயினர். அதன்பின்னரே செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளை மீனவர்க்கு வழங்கும் முயற்சி வலுப்பெற்றது. வானத்தில் நிற்கும் கோளுக்குத் தொடுவானத் தடை குறைவு.

புயலைக் காணும் கண்ணைப் பொறுத்தவரை நாம் வெகுதூரம் வந்திருக்கிறோம். 1970இல் விசாகப்பட்டினத்திலும் 1973இல் சென்னையிலும் புயல் காணும் ராடார்கள் நிறுவப்பட்டன. ஏறத்தாழ பத்துச் சென்டிமீட்டர் அலைநீளமுள்ள அலையைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பினால், மழைத்துளிகளில் பட்டு ஒரு சிறு பங்கு திரும்பி வருகிறது. 300 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு வினாடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கே ஆகும். 2002இல் சென்னைக்கு டாப்ளர் ராடார் வந்தது. தங்களை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், கடந்து போகும்போது தாழ்ந்தும் ஒலிப்பதை மண்டபம் நிலையத்தில் நின்ற எவரும் கேட்டிருப்பார்கள். அந்த மாற்றத்தைக் கொண்டே மழைத்துளி எவ்வேகத்தில் நெருங்குகிறது அல்லது விலகுகிறது என்று டாப்ளர் ராடார் அளக்கிறது. இதில் எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்று: டாப்ளர் 1842இல் சொன்ன இவ்விதியை 1845இல் ஆலந்து நாட்டில் ரயிலின்மேல் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி ஓடவிட்டு மெய்ப்பித்தவர் பைஸ் பேலட் என்பார். அவர் ஒரு வானிலை அறிஞர். வடகோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடக்கைப் பக்கம் தாழ்வழுத்த மையம் இருக்கும் என்ற விதியும் அவர் பெயரால் வழங்குகிறது. கருவி ஒன்றும் இல்லாத படகோட்டிக்கு இது போன்ற உதவி வேறில்லை. என் மாணவர்களை மைதானத்தில் நிற்கவைத்து இதைப் பழக்கியிருக்கிறேன்.

அலைகளின் தீங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கடலில் ஒலியால் விளையும் பெருங்கேடு வெடிவைத்து மீன் பிடிப்பது. வெடியின் அதிர்ச்சியலை நீரில் பாய்ந்து மீனின் காற்றுப்பையைக் கிழித்துவிடுகிறது. செத்த மீனில் பெரும்பங்கு மிதக்காமலே அடியில் ஆழ்ந்து வீணாகிறது. பவளப்பாறைகள் நொறுங்குகின்றன. 1986இல் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா மன்னார் வளைகுடாவில் அறிவிக்கப்பட்டதும், 2022இல் பாக் நீரிணையில் ஆவுளியாவுக்கென 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிக்கப்பட்டதும் நற்செயல்கள். கரையில் வேறொரு தொல்லை, கூம்பு ஒலிபெருக்கி. இரவு பத்து மணிக்குமேல் கூடாதென்று 2000ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. குடியிருப்புகளுக்குப் பகலில் 55 டெசிபல் என்று வரம்பும் உண்டு. திருவிழாக் குழுவினரிடம் இதைக் காட்டி, "வாத்தியார் ஐயாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறதே!" என்ற பாராட்டைப் பெற்றிருக்கிறேன்.

கைப்பேசிக் கோபுரங்களைப் பற்றிய அச்சம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. அந்த அலைகள் எக்ஸ் கதிரைப்போல் உயிரணுவின் மூலக்கூறுகளை உடைக்கும் வன்மை உடையன அல்ல. தொலைவு இரட்டித்தால் செறிவு நாலில் ஒன்றாகிவிடும். ஆனால் இயங்கும் ஆன்டெனாவுக்கு மிக அருகில் ஏறி நிற்பவரின் தசையை அவை சூடாக்கும்; ஆகவே ஆற்றலை நிறுத்திவிட்டே பணியாளர் ஏற வேண்டும். உண்மையில் எங்கள் மக்களின் உடலை நாள்தோறும் துன்புறுத்தும் மின்காந்த அலை சூரியனிடமிருந்து வருகிறது. கடல் நுரை புறஊதாக் கதிரில் ஏறத்தாழக் கால்பங்கைத் திருப்பி முகத்தில் அடிக்கும். மீனவர்களிடம் கண்வெள்ளையிலிருந்து கருவிழிமேல் சதை படர்வது அதிகம் காணப்படுவதற்கு இக்கதிர் ஒரு முக்கிய காரணம். கோபுரத்தை எதிர்த்து மனுக்கொடுத்த ஊரில் குளிர்கண்ணாடியும் அகன்ற தொப்பியும் அணிந்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

மீண்டும் அந்தக் கூண்டுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. ராடாரும் செயற்கைக்கோளும் அதை முன்பே காட்டின. எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1964இல் நினைத்தும் பார்த்திருக்க முடியாத காரியம் இது. ஆனால் புயல் கடந்த காலையில் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மின்சாரமின்றிக் கைப்பேசிக் கோபுரங்கள் ஊமையாயின. என் மகளின் புகுந்த வீடு அப்பக்கத்தில்தான். இரண்டு நாட்கள் அவள் குரல் வரவில்லை. அந்த இரண்டு நாட்களும் நான் ஆறு வயதுச் சிறுவனாகவே இருந்தேன். மூன்றாம் நாள் யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் வந்த தாளில்தான் நலம் என்ற செய்தி கிடைத்தது.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோதும் இவ்வாறே தொடர்புகள் வீழ்ந்தன. அமெச்சூர் வானொலிப் பணிக்காகத் தம் குழுவோடு போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் அம்மையார், தம் சிற்றலைக் கருவியைக் கொண்டே அத்தீவுகளின் செய்திகளை நாட்டுக்கு அனுப்பினார். அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலைக்கு இடையிலே கோபுரமோ கம்பமோ வேண்டியதில்லை. ஒரு முனையில் மின்கலமும், மறுமுனையில் விழித்திருக்கும் ஒரு செவியும் இருந்தால் போதும். ஒவ்வொரு கடற்கரைப் பள்ளியிலும் இத்தகைய கருவி ஒன்று இருக்க வேண்டும், உரிமம் பெற்று அதை இயக்க இரண்டு ஆசிரியர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று பணியில் இருந்தபோது எழுதினேன். கடிதம் கிடைத்ததென்று பதில் வந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாம்பன் துறைமுகத்துக்குக் கூண்டுகளைக் காட்ட அழைத்துச் சென்றேன். ஒரு மாணவி, "ஐயா, செய்தியே வரவில்லை என்றால் புயல் வருமென்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். காற்றழுத்தமானியைப் பார்ப்பார், கடலைப் பார்ப்பார், காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பார் என்று சொன்னேன். அவள் உடனே திரும்பி நின்று இடக்கையை நீட்டிப் பார்த்தாள். அன்று மெல்லிய சோழகக் காற்றுதான்.

என் தாயார் எண்பத்து மூன்று வயது வரை வாழ்ந்தார். ஒவ்வொரு நாள் மாலையும் வானொலியில் மீனவர்களுக்கான வானிலை அறிக்கை முடியும்வரை எவரும் பெட்டியை நிறுத்தக்கூடாது. எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகிறவர் எவருமில்லை. அந்த டிரான்சிஸ்டர் இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. அதற்கு இரண்டு மின்கலங்கள் போதும்.